உங்களுக்குத் தெரியுமா? சுடாமலே சுடும் கதிர்

திருவண்ணாமலையில் ஏப்ரல் 22ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே இராது. புறஊதாக் கதிர்கள் கடுமையாக இறங்கும் பருவம் அது. சித்ரா பௌர்ணமி கிரிவலமும் இதையொட்டித்தான் வருகிறது. 14 கிலோமீட்டரை இரவில் சுற்றுபவர்களுக்குக் கவலையில்லை. பகலில் நடப்பவர்களின் உள்ளங்காலைச் சுடுவது தார்ச்சாலையின் வெப்பம். புறஊதாவோ சுடுவதாகவே தெரியாது. மெல்லிய மேகம் வெயிலைத் தணித்தாலும் புறஊதாவின் பெரும்பகுதி கீழே வந்துவிடும். தோல் சிவந்து எரிவது சில மணி நேரம் கழித்துத்தான். கறுத்த தோலை மெலனின் ஓரளவு காக்கும், முழுதாக அல்ல.

கண்ணுக்கு இன்னும் கொடியது வெல்டிங் வெளிச்சத்தில் வரும் புறஊதா. கிரில் பட்டறை வாசலில் வேடிக்கை பார்த்த பையனுக்கு அப்போது ஒன்றும் ஆகாது. நள்ளிரவில் மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேற்படலம் வெந்ததன் விளைவு இது. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்குள் தாய்ப்பால், வெங்காயச் சாறு என்று கண்ணில் விட்டால் கிருமித்தொற்று வரலாம். மரத்துப்போக வைக்கும் சொட்டுமருந்தைத் திரும்பத் திரும்ப விடுவது அதைவிட மோசம். வலி தெரியாது, புண்ணும் ஆறாது. கண் மருத்துவரிடம் போவதே சரி.

தேரடித் தெருவில் விற்கும் கறுப்புக் கண்ணாடி? நிறம் மட்டும் போதாது. இருட்டில் கண்பாப்பா விரியும். கண்ணாடி புறஊதாவைத் தடுக்காவிட்டால் கதிர் கூடுதலாகவே உள்ளே போகும். 'யூவி 400' என்றிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெயிலுக்கு அது போதும், வெல்டிங்குக்குப் போதாது.