தினம் ஒரு மாத்திரை, திடமான முதுமை

பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரில் ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைத் தோட்டங்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்ப வேண்டும்.

அந்த ஜீப்பில் எச்.ஐ.வி. உள்ள ஒருவரும் இருக்கலாம். அவருக்கும் அதே வேலை, அதே கூலி. சில மாதங்களுக்கு ஒருநாள் மட்டும் அவர் ஜீப்பை விட்டுவிட்டு, மருந்து வாங்கத் தேனிப் பக்கம் பஸ் ஏற வேண்டும். அவருடைய ஆயுள் அந்த ஒருநாளை நம்பியிருக்கிறது.

கடந்து வந்த பாதை

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டறிந்தார்கள். அன்று மருந்து கிடையாது. 2004 ஏப்ரல் 1 முதல் மத்திய அரசு கூட்டு மருந்து சிகிச்சையை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. முன்பெல்லாம் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்கள் குறைந்த பிறகுதான் மருந்து தருவார்கள். 2017 முதல், தொற்று உறுதியானதுமே எல்லோருக்கும் மருந்து உண்டு.

2004இல் 35 வயதில் மருந்தைத் தொடங்கியவர் இன்று 55ஐத் தாண்டியிருப்பார். பேரன் பேத்தி எடுத்திருப்பார். ஆகவே இனி மூட்டு, சிறுநீரகம், இதயம் பற்றியும் பேசியாக வேண்டும்.

மாத்திரை என்ன செய்கிறது?

இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படுவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று. இது கிருமியைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கும். ஆனால் உடலின் அணுக்களுக்குள் பதுங்கியிருக்கும் கிருமியை அழிக்காது. அதனால்தான் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கிறது. 'உடம்பு தேறிவிட்டது' என்று நிறுத்தினால் கிருமி மறுபடி தலைதூக்கும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே பழகிவிடும்.

ஒழுங்காகச் சாப்பிடுபவரின் ரத்தத்தில், பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிடும். அந்த நிலை நீடிக்கும் வரை உடலுறவின் மூலம் துணைக்குத் தொற்றாது. ரத்தத்தில் கிருமியின் அளவைக் காட்டும் 'வைரல் லோடு' பரிசோதனையும் இலவசம். வருடம் ஒருமுறை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஐம்பதைத் தாண்டினால்

கிருமி அடங்கியிருந்தாலும் உடலுக்குள் மெல்லிய அழற்சி ஓய்வதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதயநோய் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. பீடி, சிகரெட்டை விடுவது மருந்துக்கு நிகரான காப்பு.

* சிறுநீரகம், எலும்பு: டெனோஃபோவிர் சிலருக்கு இவற்றைப் பாதிக்கும். 'கிரியாட்டினின்' ரத்தப் பரிசோதனை அவசியம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வது இன்னும் வேகமாகும். ஏலச்செடிகளுக்கு நடுவே ஈரச்சரிவில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம்.
* கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்த வாய்ப்பு ஆறு மடங்கு. ஆரம்பத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்தலாம்.
* மற்ற மருந்துகள்: வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து டோலுடெக்ராவிரை உடலில் சேரவிடாது. ஏ.ஆர்.டி. மாத்திரையைப் போட்டு 2 மணி நேரம் கழித்தே அதைக் குடியுங்கள். முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் பொறுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலோ, காசநோய்க்கு மருந்து எடுத்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

பிரஷர், சுகர் மாத்திரைகள், 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் வீட்டுக்கே வருகின்றன. அந்த வசதியை விட்டுவிடாதீர்கள்.

டப்பா குலுங்கும் சத்தம்

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏ.ஆர்.டி. மையம் இருக்கிறது. போடியிலிருந்து தேனிக்கு வந்து, ஆண்டிபட்டி சாலையில் க.விலக்கு வரை போக வேண்டும். தூரத்தைவிட அன்று போகும் கூலிதான் வலிக்கும். காய் எடுப்புக் காலத்தில் ஒருநாள் விட்டால் அடுத்த நாள் ஜீப்பில் இடம் இருக்குமா என்ற பயம் வேறு.

அதற்கும் மேல் ஒன்று உண்டு. மாத்திரைகள் பிளாஸ்டிக் டப்பாவில் வரும். பள்ளத்தில் ஜீப் ஏறி இறங்கும்போது பைக்குள் கலகலக்கும். "என்னக்கா, பைக்குள்ள என்ன சத்தம்?" என்று யாராவது கேட்டுவிட்டால்? அந்தப் பயத்திலேயே மாத்திரையை வீட்டில் விட்டுவிட்டு மலையேறுபவர் இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஒரு வழி: டப்பா வீட்டிலேயே இருக்கட்டும், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலேயே தங்குவதானால் டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்துவிடுங்கள்.

உடல்நிலை சீராக இருப்பவர்கள், மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தர முடியுமா என்று மையத்தில் கேளுங்கள். வேலைக்காக வெளியூரில் மாதக்கணக்கில் தங்குவதானால், போகும் முன்பே ஆலோசகரிடம் சொல்லி, சிகிச்சை விவரம் உள்ள பச்சைப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

சட்டம் துணை நிற்கிறது

எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதும், சிகிச்சை மறுப்பதும், பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க மறுப்பதும் சட்டவிரோதம். சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ கூடாது. தொற்று பற்றிச் சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள், அல்லது 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்கள்.

தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகும் கங்காணிகளுக்கும் ஜீப் ஓட்டும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று ஒருவர் லீவு கேட்டால், எதற்கு என்று துருவாதீர்கள். "போயிட்டு வாங்கக்கா, நாளைக்கு உங்களுக்கு இடம் இருக்கு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இருந்தால் அவர் மருந்தை ஒருநாளும் தவறவிட மாட்டார்.