நஞ்சை வாங்கும் பன்னம்

மண்ணிற் சேரும் மாசுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. இலைதழை, சாணம், எண்ணெய் ஆகிய சேதனப் பொருள்களை நுண்ணுயிர்கள் காலப்போக்கிற் சிதைத்துவிடும். ஈயம், கட்மியம், ஆசனிக்கு முதலியனவோ மூலகங்கள். அவற்றை எரித்தாலும் அழியா, புதைத்தாலும் மாளா. நிலத்தை அவற்றினின்று முற்றாக மீட்க வேண்டின், அவற்றை அவ்விடத்தினின்று வெளியேற்றுதல் வேண்டும். மண்ணையே அகழ்ந்து அகற்றுவதாயின் பெருஞ்செலவாகும். வளமுள்ள மேல்மண்ணும் அதனோடு போய்விடும். அப்பணியைத் தாவரங்கள் ஆற்றுமா?

ஆற்றும் என்பதற்குச் சான்றாக விளங்குவது சீனப் பன்னம். அமெரிக்காவின் புளோரிடாவில், மரங்களுக்கு ஆசனிக்கு கலந்த காப்பு மருந்தூட்டிப் பின்னர் கைவிடப்பட்ட ஓரிடத்தில் அது செழித்து வளர்ந்திருந்தது. அதனை ஆராய்ந்த லீனா மா என்பாரும் அவர்தம் குழுவினரும் 2001ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். அங்கு வளர்ந்த பன்னத்தின் உலர்ந்த ஓலைகளிற் கிலோகிராமுக்கு 1,442 முதல் 7,526 மில்லிகிராம் வரை ஆசனிக்கு இருந்தது. இப்பன்னம் நமக்கும் அந்நியமன்று. ஈழத்திலும் இந்தியாவிலும் பழஞ்சுவர்களின் இடுக்குகளில் இயல்பாய் வளர்வதே.

இஃது எங்ஙனம் இயலும்? ஆசனிக்கின் ஒரு வடிவம் பயிருணவாகிய பொசுபேற்றை ஒத்தது. பொசுபேற்றை உள்வாங்கும் வேரின் வாயில் வழியே ஆசனிக்கும் நுழைகின்றது. பிற செடிகள் அதனால் நலியும். இப்பன்னமோ அதனை ஓலைகளுக்குக் கடத்திக் கலங்களின் புன்வெற்றிடங்களிற் பூட்டிவைக்கின்றது. ஓலையை அறுத்து அகற்றினால் நஞ்சும் அகலும். வேர்த்தண்டு மீண்டுந் தளிர்க்கும்.

எனினும் இது விரைவில் முடியும் வேலையன்று. ஓர் எக்டரின் மேல்மண் 2,500 தொன் எனவும், அதன் ஒவ்வொரு கிலோகிராமிலும் 100 மில்லிகிராம் ஆசனிக்கு உண்டெனவும் கொள்வோம். மொத்தம் 250 கிலோகிராம். ஆண்டுக்கு 5 தொன் உலர்ந்த ஓலை கிடைத்து, அதில் ஆயிரத்துக்கு மூன்று பங்கு ஆசனிக்கு இருப்பின், வெளியேறுவது 15 கிலோகிராமே. பாதியை நீக்கவே எட்டாண்டுகளுக்கு மேலாகும். ஈயத்தின் நிலை இன்னும் கடினம். அது மண்ணை இறுகப் பற்றியிருப்பதால் வேர்களுக்கு எளிதிற் கிட்டுவதில்லை. இரசாயனமிட்டு அதனை இளக்கினால் நிலத்தடி நீரிற் கலந்துவிடும் அபாயமும் உண்டு.

இவற்றினும் முதன்மையாகக் கருத்திற் கொள்ளவேண்டியது ஒன்றுண்டு. செடி நஞ்சை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. அறுத்த ஓலையை ஆட்டுக்கு இட்டாலோ, பசளைக் குழியிற் சேர்த்தாலோ, திறந்தவெளியில் எரித்தாலோ நஞ்சு மீண்டும் நம்மிடமே வந்து சேரும். அதனைத் தனியே திரட்டிப் பாதுகாப்பாய் ஒதுக்குதல் வேண்டும். அத்தகைய நிலத்திற் கீரை பயிரிட்டு, 'செடி மண்ணைத் தூய்மையாக்கும்' என்றெண்ணி உண்பது பேதைமையாம். செடி வாங்கிய நஞ்சை எங்கே சேர்ப்பது என்னும் வினாவுக்கு விடை கண்ட பின்னரே முதற் கன்றை நடுதல் முறை.