மூச்சைத் தாங்கும் புரதமும் கல்தூசி நோயும்

மனித உடலில் மிகுதியாகக் காணப்படும் புரதம் கொலாஜன் ஆகும். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிற்கு உறுதியளிப்பது இதுவே. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது இதன் மூலக்கூறு என்னும் கருத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நுரையீரலை உருவாக்குவதில் பங்குகொள்ளும் இப்புரதமே, அளவு மீறும்போது அவ்வுறுப்பை அழிக்கவும் செய்கிறது.

வளர்ச்சியில் கொலாஜன்

கருவிலுள்ள குழந்தையின் மூச்சுக்குழல்கள் மரம்போலக் கிளைவிடுகின்றன. கிளைகள் பிரியும் இடங்களில் படியும் கொலாஜன் அவ்வமைப்பு கலையாமல் காக்கிறது. காற்று நுண்ணறைகளுள் பெரும்பாலானவை பிறப்பிற்குப் பின்னரே தோன்றுகின்றன. வளர்ந்தவர்களிடம் அவை 30 கோடிக்கும் மேற்படும். காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சுவர், மெல்லிய இடங்களில் ஒரு மைக்ரான் தடிப்புகூட இராது. மூச்சை உள்ளிழுக்கும்போது எலாஸ்டின் என்னும் மற்றொரு புரதம் நீண்டு கொடுக்கிறது. கொலாஜனோ, அச்சுவர் அளவுக்கு மேல் விரிந்து கிழியாதவாறு தடுக்கிறது. பழைய இழைகள் சிதைவதும் புதியவை தோன்றுவதும் சமநிலையில் நிகழ்கின்றன.

சமநிலை குலைதல்

கல் உடைத்தல், துளையிடுதல், மெருகிடுதல் போன்ற பணிகளில் எழும் நுண்ணிய சிலிக்காத் தூசி நுண்ணறைகளைச் சென்றடைகிறது. அதனை விழுங்கும் காவல் செல்கள் செரிக்க இயலாமல் மடிகின்றன. அவை வெளியிடும் பொருள்கள், கொலாஜன் சுரக்கும் செல்களைத் தூண்டுகின்றன. சாதாரணப் புண் ஆறியதும் இத்தூண்டுதல் நின்றுவிடும். ஆனால் கல்தூசி கரைவதில்லை. ஆதலின் தூண்டுதலும் ஓய்வதில்லை. தழும்பு முடிச்சுகள் பெருகி நுரையீரல் விறைக்கிறது. இதுவே சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பின்னும் இது முற்றக்கூடும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் மிகுகிறது.

மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களிடமும், குஜராத்தின் காம்பாத்தில் அகேட் கற்களைத் தீட்டுபவர்களிடமும் இந்நோய் இருப்பதை அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

தடுப்பே வழி

படிந்த தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. நீர் பாய்ச்சித் துளையிடுதல், தூசியை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி அகற்றுதல், பணியாளர்களுக்கு உரிய காலத்தில் மார்பு ஊடுகதிர்ப் படம் எடுத்தல் ஆகியவை இன்றியமையாதவை. முகத்தில் கட்டும் துணி நுண்தூசியைத் தடுக்காது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதனை அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் சேர்த்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்வாறே உள்ளது. இராஜஸ்தான் அரசு 2019இல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கை வகுத்து நிவாரணம் வழங்க முன்வந்தது. நிவாரணம் தேவையானதே. எனினும் நோயாளியைக் கணக்கெடுக்கும் அலுவலர், அவர் பணிபுரிந்த இடத்தின் தூசியையும் அளந்து கட்டுப்படுத்தச் செய்தால்தான், அடுத்து அங்கு வேலைக்கு வருபவரின் நுரையீரல் காக்கப்படும்.