‘அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாய்?’

ஹூஸ்டனிலிருந்து வடக்கே சுமார் 110 கிலோமீட்டர் போனால் ஹன்ட்ஸ்வில் வரும். டெக்சாஸ் மாநிலத்தின் சிறைத்துறைக்குத் தலைமையிடம் இந்தச் சின்ன ஊர்தான். ஊருக்கு நடுவே சிவப்புச் செங்கல் மதிலோடு ஒரு பழைய சிறை இருக்கிறது. விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றும் முறை உலகில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1982 டிசம்பரில், இந்த மதிலுக்குள்தான். அதிலிருந்து இன்றுவரை 580-க்கும் மேற்பட்டவர்களுக்கு அங்கே தண்டனை நிறைவேறியிருக்கிறது. சிறையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் சாம் ஹூஸ்டன் ஸ்டேட் பல்கலைக்கழகம், குற்றத்தால் அடிபட்டவர்களைப் பற்றிப் படிப்பதற்கென்றே ஓர் இளநிலைப் பட்டம் வைத்திருக்கிறது.

குற்றவாளியைப் பற்றிப் படிக்கப் படிப்புகளுக்குப் பஞ்சமில்லை. அவன் ஏன் செய்தான், எப்படிப் பிடிப்பது, எத்தனை வருடம் போடுவது, உள்ளே போனபின் எப்படித் திருத்துவது என்று நூலகம் நூலகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். குத்துப்பட்டவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு என்ன ஆனார் என்று கேட்க ஆள் வந்தது மிகத் தாமதமாகத்தான். பாதிக்கப்பட்டவர்களை ஆராயும் விக்டிமாலஜி என்கிற துறையே இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிறந்தது. ருமேனியாவில் பிறந்த வழக்கறிஞர் பெஞ்சமின் மெண்டல்சன் அதற்குப் பெயர் வைத்தார். ஜெர்மானியரான ஹான்ஸ் வான் ஹென்டிக் 1948-ல் குற்றவாளியையும் பாதிக்கப்பட்டவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் புத்தகம் எழுதினார்.

ஆனால் இந்த முன்னோடிகள் பாதிக்கப்பட்டவருக்குப் பரிந்துபேச வந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மெண்டல்சன், பாதிக்கப்பட்டவர் மீது எவ்வளவு குற்றம் என்று தரம் பிரித்து ஒரு பட்டியலே போட்டார். மார்வின் உல்ஃப்கேங் 1958-ல் பிலடெல்பியாவின் 588 கொலைகளை ஆராய்ந்து, நூற்றுக்கு 26 கொலைகளில் முதலில் கைநீட்டியவர் செத்தவரே என்று கணக்குச் சொன்னார். கொலை விஷயத்தில் இதையாவது ஒரு கணக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். அவருடைய மாணவர் மெனாக்கெம் அமீர் இதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு பாலியல் வன்புணர்வுக்குப் போனார். 1971-ல் வந்த அவருடைய புத்தகம், 646 வழக்குகளில் 19 சதவீதத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்றது. அந்தப் பெண் குடித்திருந்தாளா, ஊரில் அவளுக்கு என்ன பேர் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. பெண்ணியவாதிகள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான் என்பது என் கட்சி. இன்று இந்தப் படிப்பில் சேரும் மாணவர் முதலில் கற்றுக்கொள்வது தன் துறையின் இந்த அசிங்கமான ஆரம்பத்தைத்தான்.

அடுத்து எந்த வகுப்பிலும் தவறாமல் வருபவர் நார்வேக்காரரான நில்ஸ் கிறிஸ்டி. 1986-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு மூதாட்டி வருகிறார். உடம்பு சரியில்லாத தங்கையைக் கவனித்துவிட்டுப் பட்டப்பகலில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு தடியன் மண்டையில் அடித்துப் பையைப் பறித்துக்கொண்டு போய், அந்தக் காசில் போதை ஏற்றிக்கொள்கிறான். இந்தப் பாட்டிக்கு இரங்காத ஊர் இல்லை. இனி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பாட்டிக்குப் பதிலாக இருபது வயதுப் பையன். பகலுக்குப் பதில் நள்ளிரவு. தங்கை வீட்டுக்குப் பதில் மதுக்கடை. அடித்தவன் யாரோ அல்ல, கூட உட்கார்ந்து குடித்த நண்பன். காயம் அதேதான், வலியும் அதேதான். இரக்கம் மட்டும் பாதியாகிவிட்டது. நாம் யாரைப் பாதிக்கப்பட்டவர் என்று ஒப்புக்கொள்கிறோம் என்பது காயத்தைப் பொறுத்ததே அல்ல என்பதுதான் கிறிஸ்டி சொன்னது. நம்மூர்ச் செய்தித்தாள்களில் ‘நள்ளிரவில் ஆண் நண்பருடன்’ என்ற சொற்களைத் தலைப்பிலேயே தூக்கிப்போடுகிறவர்கள் அவரைப் படித்ததில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

படிப்பில் கனமான பகுதி மனக்காயம் பற்றியது. ஆன் பர்ஜஸ், லிண்டா ஹோல்ம்ஸ்ட்ராம் என்று இருவர். ஒருவர் மனநலச் செவிலியர், மற்றவர் சமூகவியலாளர். பாஸ்டன் நகர மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து எந்த நேரத்தில் அழைப்பு வந்தாலும் போய், வன்புணர்வுக்கு ஆளானவர்களிடம் பேசினார்கள். 1974-ல் அவர்கள் எழுதியதில் ஒரு விஷயம் இன்றும் காவல் நிலையங்களுக்குப் போய்ச் சேரவில்லை. வந்த பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அழவில்லை. கல் மாதிரி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு நிதானமாகப் பதில் சொன்னார்கள். நாமோ அழுதால்தான் நம்புவோம். அழாதவளைப் பார்த்தால் ‘இவளுக்கு ஒன்றும் ஆன மாதிரித் தெரியலையே’ என்போம். நடந்ததைச் சிலர் முன்பின்னாகச் சொல்வதும், நடுவில் ஒரு துண்டே நினைவில் இல்லாமல் போவதும் பயத்தில் உறைந்த மூளையின் இயல்பு. குறுக்கு விசாரணையில் அதற்கு ‘முரண்பாடு’ என்று பெயர். முதல் அரைமணி நேரத்தில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கேட்கக் கூடாது என்பதை மாணவர்கள் பழகிப் பழகித்தான் கற்க வேண்டியிருக்கிறது. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் குற்றச்சாட்டாகத்தான் காதில் விழும்.

காகித வேலையும் உண்டு. பாதிக்கப்பட்டோருக்கு அரசே இழப்பீடு தரும் திட்டத்தை முதலில் சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து, 1963-ல். அமெரிக்காவில் கலிபோர்னியா 1965-ல் தொடங்கியது. டெக்சாஸ் 1979-ல் சட்டம் போட்டது. டெக்சாஸில் இந்த நிதிக்கு முக்கிய வருவாய், தண்டனை பெற்றவர்களிடம் நீதிமன்றங்கள் வசூலிக்கும் கட்டணம். விண்ணப்பத்தைப் பார்த்தால்தான் துறையின் நெளிவுசுளிவு புரியும். மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், மனநல ஆலோசனை, ஈமச்செலவு எல்லாம் கிடைக்கும். திருடுபோன டிவி கிடைக்காது. ஆனால் போலீஸ் சாட்சியமாக எடுத்துக்கொண்டு போன படுக்கை விரிப்புக்கும் உடுத்திருந்த துணிக்கும் ஈடு கேட்கலாம். யாரோ ஒருவர் ஒரு காலத்தில், விரிப்பில்லாத கட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியைச் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். அதே திட்டத்தில், சம்பவத்துக்கு விண்ணப்பதாரரின் நடத்தையும் ஒரு காரணம் என்றால் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ இடமிருக்கிறது. வகுப்பறையிலிருந்து விரட்டியடித்த உல்ஃப்கேங்கின் அளவுகோல் படிவத்துக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது.

படித்து முடித்தவர்களுக்கு அரசு வழக்கறிஞர் அலுவலகம், மருத்துவமனை, குடும்ப வன்முறைக் காப்பகம், சிறைத்துறை என்று பல இடங்களில் வேலை. ஆம், சிறைத்துறையிலும்தான். ஹன்ட்ஸ்வில் மதிலுக்குள் தண்டனை நிறைவேறும்போது, கொலையுண்டவரின் குடும்பத்தார் நேரில் பார்க்க 1996 முதல் அனுமதிக்கப்படுகிறார்கள். சாகப்போகிறவரின் உறவினர்கள் ஒரு கண்ணாடியின் பின்னால், இவர்கள் இன்னொரு கண்ணாடியின் பின்னால், தனித்தனி அறைகளில். சிறைத்துறையில் பாதிக்கப்பட்டோர் சேவைக்கென்றே இருக்கும் பிரிவின் ஊழியர்கள் இவர்களை முன்கூட்டியே தயார்படுத்தி, கூடவே நின்று, வெளியே அழைத்து வருகிறார்கள். எல்லாம் முடிந்ததும் மனம் ஆறுகிறதா? ஆளுக்கு ஒரு மாதிரி என்பதைத் தவிர நேர்மையான பதில் இல்லை. இப்படி அடுத்தவர் துயரத்தைத் தினமும் காதில் வாங்குகிறவருக்கும் தூக்கம் கெடும், எரிச்சல் கூடும். அதையும் பாடமாக வைத்திருக்கிறார்கள். தனக்கே அடிபட்டு அந்த அனுபவத்தோடு இந்தப் படிப்புக்கு வருகிற மாணவருக்கு இது கூடுதல் சுமை.

இந்தத் துறையில் சென்னைக்கும் பங்கு உண்டு. இந்திய விக்டிமாலஜி சங்கம் 1992-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. முன்னின்றவர் குற்றவியல் துறைப் பேராசிரியர் சொக்கலிங்கம். பின்னாளில் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், ஜப்பானின் தோகிவா பல்கலைக்கழகத்திலும் இதையே கற்பித்தவர். பாதிக்கப்பட்டோர் உதவிக்கென ஒரு மசோதாவையே எழுதி மத்திய அரசிடம் கொடுத்தது அந்தச் சங்கம். அது சட்டமாகவில்லை. 2008-ம் ஆண்டுத் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ பிரிவு சேர்ந்த பிறகுதான் மாநிலங்கள் இழப்பீட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றானது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் இது 396-வது பிரிவு. குற்றவாளி பிடிபடாவிட்டாலும், வழக்கு விசாரணைக்கே வராவிட்டாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். இது தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? எஃப்.ஐ.ஆர். நகலை வாங்குவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிற ஊரில், அடுத்த வாசல் எது என்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளைச் சட்டம் சில இடங்களில் ஏற்கெனவே உண்டாக்கிவிட்டது. 2020-ன் போக்சோ விதிகள்படி, பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு விசாரணை முதல் தீர்ப்பு வரை கூடவே நிற்க ஓர் ‘ஆதரவு நபரை’க் குழந்தைகள் நலக் குழு நியமிக்க முடியும். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று வீட்டுக்குச் சொல்வதும் அவர் வேலைதான். குழந்தை உரிமைக்காக உழைப்பவர், காப்பக அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஊழியர் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். நம்மிடம் விக்டிமாலஜி பெரும்பாலும் குற்றவியல் படிப்புக்குள் ஒரு தாளாகத்தான் இருக்கிறது. அழாத குழந்தையை எப்படி நம்புவது, முன்பின்னாகச் சொல்வதை எப்படிக் கேட்பது என்பதையெல்லாம் அந்த ஒரு தாளுக்குள் அடைக்க முடியாது. பள்ளி மாணவியின் பக்கத்தில் நீதிமன்ற வராந்தாவில் உட்காரப் போகிறவர், பெரும்பாலும் அதை அங்கே உட்கார்ந்தபடியேதான் கற்றுக்கொள்கிறார். அதற்கான விலையை அந்த மாணவிதான் கொடுக்கிறாள்.