காது வடித்தலும் மேல்காது குத்தலும்

காது வடித்தல் என்பது காதின் தொங்கு சதையில் இட்ட துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, கனமான பொன்னணிகளை அணியும் வழக்கமாகும். மேல்காது குத்தல் என்பது காதுமடலின் மேற்பகுதியில், அதாவது குருத்தெலும்பில், துளையிட்டு அணி அணிவது. தென் தமிழ்நாட்டின் வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் இவ்விரண்டும் ஒரே காதில் இருந்தன. முதலாவது ஏறக்குறைய மறைந்துவிட்டது. இரண்டாவது, கொஞ்ச காலம் விட்டுப்போய், இன்று கல்லூரி மாணவியரிடம் மீண்டும் வந்திருக்கிறது.

காதின் இரு பகுதிகள்

கீழே தொங்கும் சதையில் எலும்பு கிடையாது. கொழுப்பும் தோலும் இரத்த ஓட்டமும் உண்டு. ஆகவே அது நெகிழும், புண் பட்டால் விரைவில் ஆறும். மேல்மடலில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. தன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்துதான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. கீழ்க்காதின் துளை ஆறுவதற்கு 6 முதல் 8 வாரங்கள் போதும். மேல்காதின் துளைக்கு 6 மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். காதணி பற்றிய நல்லது கெட்டது எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

காது வடித்த முறை

பெண் குழந்தையின் காதைச் சிறு வயதிலேயே குத்தி, துளையில் பஞ்சுத் திரியைச் செருகுவார்கள். பருத்தி விளையும் கரிசல் காட்டில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. திரியை நாளடைவில் தடிமனாக்கி, பிறகு பனையோலைச் சுருளை வைப்பார்கள். சுருட்டிய ஓலை தானாக விரியப் பார்க்கும். அந்த மெல்லிய அழுத்தமே துளையை அகலப்படுத்தும். அதன்பின் 'குணுக்கு' எனப்படும் ஈய வளையங்களை ஒன்றொன்றாகச் சேர்த்து மாட்டினால் சதை நீண்டு தொங்கும். இதையே தொழிலாகக் கொண்ட குறவர்கள் ஊர் ஊராக வந்து இந்த வேலையைச் செய்தனர். அவசரப்பட்டால் சதை கிழியும் என்பதால் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் பொறுத்திருந்தார்கள். எல்லாக் காதுகளும் நலமாகத் தேறின என்று கொள்ள வேண்டாம். புண் வைத்து அறுந்த காதுகளும் இருந்தன; படங்களில் நாம் காண்பவை தேறிய காதுகள் மட்டுமே. போர்னியோவின் தயாக் மக்களிடமும் கென்யாவின் மாசாய் மக்களிடமும் இதே வழக்கம் உண்டு.

இப்படி வடித்த காதில் தண்டட்டி அல்லது பாம்படம் தொங்கும். மதுரை, இராமநாதபுரம் பக்கம் தண்டட்டி என்ற பெயரும், திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பாம்படம் என்ற பெயரும் மிகுதியாக வழங்கும். உருண்டையும் சதுரமும் முக்கோணமுமாக இணைத்துச் செய்யப்படும் பாம்படம் பார்வைக்குக் கெட்டிப் பொன் போலத் தோன்றும். உண்மையில் அது பொன் தகடே. உள்ளே அரக்கு நிரப்பியிருப்பார்கள்.

மழை பொய்த்த ஆண்டில் விதைக்கும் மருந்துச் செலவுக்கும் அடகுக் கடைக்குப் போவது இந்த அணிதான். அங்கே அரக்கின் எடையைக் கழித்தபிறகே மதிப்புப் போடுவார்கள். நிலம் ஆணின் பெயரில் இருந்த வீடுகளில் பெண்ணுக்கென்று நின்ற சொத்து பெரும்பாலும் அவள் காதில் தொங்கியதே. அதைக் கழற்றிக் கொடுத்தவளை ஊரார் 'மூளிக்காது' என்று சொன்னது எவ்வளவு கொடுமை என்பதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும். மூதாட்டி ஒருவரின் தண்டட்டி களவு போவதைக் கருவாகக் கொண்டு 'தண்டட்டி' என்ற திரைப்படம் 2023இல் வெளிவந்தது.

மேல்காது அணிகள்

மேல்மடலில் கொப்பு, முருகு போன்ற அணிகளை அணிந்தனர். இவை சிறியவை, கனமற்றவை. கனமெல்லாம் நெகிழும் சதைக்கு, இலேசானது மட்டும் குருத்தெலும்புக்கு என்ற பங்கீடு இதில் தெரிகிறது. கொப்பை ஒருமுறை போட்டால் எளிதில் கழற்ற மாட்டார்கள். ஜிமிக்கியின் பாரத்தைத் தலைமுடிக்கு மாற்றிவிடும் மாட்டலும் சதையைக் காப்பாற்றும் ஏற்பாடே. நகை வாங்க இயலாத வீடுகளில் துளை தூர்ந்துவிடாமல் வேப்பங்குச்சியோ துடைப்பத்து ஈர்க்கோ செருகி வைத்தார்கள்.

இன்றைய மேல்காது குத்தலும் அணி மாற்றுதலும்

குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி குத்துவது கீழ்க்காது. மேல்காதை இப்போது பெரும்பாலும் அழகு நிலையங்களிலும் நகைக் கடைகளிலும் குத்துகிறார்கள். சில இடங்களில் துப்பாக்கி போன்ற விசைக் கருவியைப் பயன்படுத்துகின்றனர். குருத்தெலும்பை நசுக்கித் துளைப்பதாலும், முழுமையாகக் கிருமி நீக்க முடியாததாலும் இக்கருவி மேல்காதுக்கு ஏற்றதல்ல. ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசியே பாதுகாப்பானது.

முதல் அணியை ஆறுமுன் கழற்றக் கூடாது. திருவிழாவுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று மாற்றும் ஆசையே பலருக்குத் தொல்லையாகிறது. வெளித்தோல் ஆறியதுபோல் தெரிந்தாலும் உள்ளே பச்சைப் புண் இருக்கும். மாற்றும் நாளில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த பொருக்கை உப்பு கலந்த வெந்நீரால் ஊறவைத்துத் துடைத்த பிறகே திருகாணியைத் தளர்த்த வேண்டும். புதிய அணியின் தண்டு பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். கழற்றியவுடன் மாட்டிவிட வேண்டும். இல்லையென்றால் துளை சுருங்கிவிடும். நுழையாவிட்டால் திணிக்கக் கூடாது. திருகாணியை இறுக்கித் திருகினால் அது சதைக்குள் புதையும். துளையைச் சுற்றி அரிப்பும் நீர்க்கசிவும் நிற்காமல் இருந்தால், கவரிங் நகையில் உள்ள நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். டைட்டானியம் அல்லது நல்ல தங்கத்துக்கு மாறிப் பார்க்கலாம்.

உண்மையான ஆபத்து வேறு. தண்ணீரிலும் ஈரத்திலும் வாழும் சூடோமோனாஸ் என்ற நுண்ணுயிர் மேல்காதுத் துளை வழியே புகக்கூடும். புதுத் துளையோடு கண்மாயிலும் கிணற்றிலும் முங்கிக் குளிக்கக் கூடாது என்பது இதனால்தான். மேல்மடல் முழுதும் சிவந்து வீங்கி, தொட முடியாமல் வலித்து, கீழ்ச் சதை மட்டும் வழக்கம்போல் இருந்தால் அது குருத்தெலும்பு உறை அழற்சியாக இருக்கலாம். உறைக்கும் எலும்புக்கும் நடுவே சீழ் சேர்ந்தால் எலும்புக்கு ஊட்டம் நின்றுபோகும். எலும்பு செத்து, காது கசங்கிச் சுருங்கிவிடும். பழைய வடிவம் தானாகத் திரும்பாது. மஞ்சளும் எண்ணெயும் போட்டு நாள் கடத்தாமல், அணியைத் தாமே பிடுங்காமல், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டையில் அரசு மருத்துவமனை உள்ளது. மாவட்டத் தலைநகரான விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது.

வடித்த காதைத் தைத்தல்

கீழ்ச் சதை அறுந்தால் சரிசெய்ய வழி உண்டு. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆறிப்போன ஓரங்களைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கிச் சேர்த்துத் தைப்பார்கள். சீவாமல் தைத்தால் ஒட்டாது. திருநெல்வேலிப் பகுதியில் கிறித்தவ சபைகள் காது வடிக்கும் வழக்கத்தை எதிர்த்தன. பள்ளிக்கூடப் படிப்பும் நாகரிக மாற்றமும் சேர்ந்து, பின்னர் பல சமூகங்களிலும் பெண்கள் வடித்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டனர். பாம்படத்தை அழித்து மகளுக்குச் சங்கிலி செய்தார்கள். தைத்த காதில் சில மாதம் கழித்து, தழும்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் புதிதாகக் குத்தி, சின்னத் தோடு ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.