இரண்டு நாற்காலிகள்

1988-இல் பாட்டி எழுந்தாலே வீட்டில் நாலு பேர் கத்துவோம். "நீ ஏன் எழுந்திருக்கே? என்ன வேணும்னு சொல்லு." தண்ணீர்ச் சொம்பு, வெற்றிலைப் பெட்டி, விசிறி எல்லாம் சாய்வு நாற்காலிக்கே போய்விடும். அதற்குப் பெயர் தாங்குவது. அதுவரை அம்மி முன்னால் குந்தி அரைத்தவள், தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக் கையூன்றி எழுந்தவள். கொஞ்சம் தள்ளாடியதும் அத்தனையையும் பிடுங்கிக்கொண்டோம். ஒன்றரை வருஷத்தில் கக்கூசுக்குத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டியிருந்தது. "வயசாச்சு, அப்படித்தான்" என்றார் டாக்டர். நாங்களும் தலையாட்டினோம்.

1990-இல் பாஸ்டனில் வேறு விடை கிடைத்தது. முதியோர் இல்லத்தில் தளர்ந்து கிடந்த 10 பேரை, 86 முதல் 96 வயதுவரை உள்ளவர்களை, எட்டு வாரம் காலால் எடை தூக்க வைத்தது மரியா ஃபியாடரோனின் மருத்துவக் குழு. முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்தச் சேதி எங்கள் தெருவுக்கு வர முப்பது வருஷம் ஆயிற்று.

அம்மாவுக்கு 82. இரண்டு வாரக் காய்ச்சலில் படுத்தவள் எழ முடியாமல் போனாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. அப்படி வந்த ஃபிசியோ பெண் முதலில் சோதித்தது அம்மாவை அல்ல, நாற்காலியை. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும் என்று ஒதுக்கிவிட்டு, கைப்பிடி வைத்த பழைய தேக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்.

ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை மேலே இழுத்து, ஐந்து எண்ண வேண்டும். "மூச்சைப் பிடிக்காதீங்க பாட்டி, சத்தமா எண்ணுங்க." அடுத்த வாரம் கணுக்காலில் பழைய சாக்ஸ், உள்ளே அரை கிலோ மணல். பிறகுதான் முக்கியமான வேலை: நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழுவது. குனியாமல் எழப் பார்த்தால் பின்னாலேயே சாய்வோம். எனக்கே அன்றுதான் தெரியும்.

டிவியில் பாட்டுப் போட்டு, உட்கார்ந்தபடி கையை மட்டும் ஆட்டச் சொல்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கையில்லை. எழவைப்பது தொடை. விழாமல் இருக்க, நாற்காலியோடு நின்றுவிடாமல் நின்றும் பழக வேண்டும். அம்மா இப்போது சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குகிறாள்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுகிறோம் என்பது. 80 முதல் 84 வயதுப் பெண்களுக்கு 9-க்குக் குறைந்தால் விழும் ஆபத்து உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா முதல் நாள் பூஜ்யம். இன்று காலை ஏழு. ஏழாவதில் கை லேசாகக் கைப்பிடியைத் தொட்டதை நான் பார்த்தேன். நோட்டில் ஏழு என்றே போடச் சொன்னாள்.