வளைவில் வெல்வது பழைய காரா, புதிய காரா?

வண்டலூர்ச் சாலையில் வந்து கேளம்பாக்கம் சந்திப்பில் திரும்பும் பேருந்தில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்களா? பேருந்து வலப்பக்கம் திரும்பும். நம் உடலோ இடப்பக்கம் சாயும். நேர்க்கோட்டிலேயே போக விரும்பும் நிலைமத்தின் வேலை இது. கோடி ரூபாய் விலையுள்ள சொகுசுக் காருக்கும் இதிலிருந்து விலக்கில்லை. அப்படியானால், நெடுநாள் பெயர் பெற்ற நிறுவனங்களின் கார் வளைவில் நன்றாக ஓடுமா, புதிதாக வந்தவர்களின் காரா?

பழையவர்களில் பி.எம்.டபிள்யூ. 1928 முதல் கார் செய்து வருகிறது. நம் செங்கற்பட்டு மாவட்டத்து மகேந்திரா சிட்டியில் 2007 முதல் அதன் கார்கள் ஒன்றுசேர்க்கப்படுகின்றன. எஞ்சின் முன்னால், உந்துவிசை பின் சக்கரங்களுக்கு, எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சரிபாதி: இதுவே அதன் நெடுங்கால மரபு. முன் டயர்கள் திருப்பும் வேலையை மட்டும் கவனித்தால் போதும்.

ஜப்பானின் டொயோட்டா 1989இல் லெக்சஸ் என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. எஞ்சின் மூடிமேல் கண்ணாடிக் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கி, சக்கரங்களை வேகமாகச் சுழலவிட்டு, ஒரு கிண்ணமும் விழவில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அமைதியில் அவர்களுக்கே வெற்றி. ஆனால் மென்மையான சுருள்வில் குலுக்கலைக் குறைக்கும். வளைவில் உடலைச் சாயவும் விடும். திருப்பத்தில் முதலிடம் ஜெர்மன் கார்களிடமே இருந்தது.

நிலைமையை மாற்றியது மின்கலம். 2012இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரில், அரை டன்னுக்கு மேல் கனமுள்ள மின்கலத் தொகுதி தரையோடு தரையாக, முன் பின் அச்சுகளுக்கு நடுவே படுத்திருக்கிறது. ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிட்டது. கூடவே நிறையும் ஏறியது: சுமார் 2,100 கிலோகிராம்!

நிறை கூடினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். திரும்புவதற்கு வேண்டிய மையநோக்கு விசை நிறையைப் பொறுத்தது; டயரின் உராய்வு விசையும் நிறையைப் பொறுத்தது. சமன்பாட்டில் நிறை அடிபட்டுப் போகிறது. பாடநூல் உராய்வு விதிப்படி லாரிக்கும் காருக்கும் ஒரே வேக வரம்புதான்!

ரப்பர் டயர் இந்த விதிக்கு முழுவதும் கட்டுப்படுவதில்லை. அதன்மேல் சுமையை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிக்காது. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். வளைவில் உள்பக்கச் சக்கரங்களின் சுமை வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது அல்லவா? அப்போது வெளிப்பக்கம் பெறும் பிடிப்பு, உள்பக்கம் இழப்பதை ஈடுகட்டாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். மாறும் சுமையைக் காண, நிறை, பக்கவாட்டு முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம் மூன்றையும் பெருக்கி, இடவலச் சக்கரங்களின் இடைவெளியால் வகுக்க வேண்டும். முடுக்கம் 5 மீ/வி², இடைவெளி 1.6 மீட்டர் என்று கொள்வோம். 1,500 கிலோகிராம் நிறையும் 55 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் உள்ள காரில் சுமார் 2,580 நியூட்டன் மாறும்; அதன் எடையில் 17 சதவீதம். 2,100 கிலோகிராம், 45 செ.மீ. என்றால் 2,950 நியூட்டன். ஆனால் எடையில் 14 சதவீதம்தான். விகிதத்தில் புதிய காருக்கே இலாபம். அதனால்தான் அது குறைவாகச் சாய்கிறது. ஆனால் அதன் வெளிப்பக்க டயர்கள் மொத்தத்தில் தாங்குவது 13,450 நியூட்டன். இலேசான காரிலோ 10,080 மட்டுமே. அகலமான டயர் போடாமல் தீராது.

ஒரே நீண்ட வளைவு என்றால் புதிய கார் பின்தங்காது. இடம், வலம், மீண்டும் இடம் என்று நெளியும் மலைப்பாதையில், ஒவ்வொரு முறையும் அத்தனை நிறையையும் திசை மாற்றியாக வேண்டும். அங்கே என் ஓட்டு இலேசான பழைய காருக்குத்தான். பழையவர்களும் சும்மா இருக்கவில்லை. பி.எம்.டபிள்யூ. 2021இல் கொண்டுவந்த ஐ4 காரிலும் மின்கலம் தரைக்கு அடியில்தான். அதன் நிறையும் 2,000 கிலோகிராமுக்கு மேல்.